வெயிலையும் மழையையும் ஆடு மாடு கோழி எப்படித் தாங்குகின்றன?



எளாவூரிலிருந்து கிழக்கே சுண்ணாம்புகுளம் பக்கம் போனால் பழவேற்காடு ஏரி வந்துவிடும். தை, மாசியில் அங்கே போய்ப் பாருங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். காலையில் குளிர், பகலில் சுளீரென்ற வெயில், காலடியில் உப்புத் தண்ணீர். எதுவும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் நம் வீட்டுக் கோழி? சித்திரை வெயிலில் ஒரு நாள் மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சாயந்திரம் பார்த்தால் செத்துக் கிடக்கும். இரண்டும் பறவைதானே, ஏன் இந்த வித்தியாசம்? இதைத் தெரிந்துகொண்டால் கோழியை மட்டுமல்ல, மாட்டையும் ஆட்டையும்கூடக் காப்பாற்றலாம்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்கிறேன். நம் பகுதிக்கே உரிய தொல்லை அதுதான். ஏரித் தண்ணீர் வருஷம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியாறும் வெள்ளம் கொண்டுவரும்போது உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பங்குனி, சித்திரையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ள, வெயிலில் நீர் வற்ற, சில இடங்களில் கடல் தண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கும். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

பூநாரைக்கும் நீர்க்காகத்துக்கும் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. ரத்தத்தில் கூடுகிற உப்பை அது பிரித்தெடுத்து, மூக்குத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே தள்ளிவிடும். நட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி 1950களின் பிற்பகுதியில் நீர்க்காகங்களை வைத்துச் சோதித்து இதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன், கடல் பறவை உப்பை என்ன செய்கிறது என்பது பெரிய புதிராகவே இருந்தது. வாத்துக்கும் இந்தச் சுரப்பி உண்டு. வளர்ந்த வாத்து ஓரளவு உவர் நீரைச் சமாளித்துக்கொள்ளும். சின்னக் குஞ்சால் முடியாது.

கோழிக்கு அந்த வசதி இல்லை. சிறுநீரகம் ஒன்றை நம்பித்தான் அது உப்பைக் கழிக்க வேணும். குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் உப்பிருந்தால் எச்சம் நீராகக் கழியும். 5 கிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் கோழிக்கு ஆகாது. குஞ்சுகளுக்கு வயிற்றில் நீர் கோத்து உப்பிக்கொள்ளும். நோய் என்று நினைத்து மருந்து தேடி ஓடுவோம். காரணம் கிணற்றுத் தண்ணீராக இருக்கும். மாடு இதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும், செம்மறி ஆடு இன்னும் அதிகம் தாங்கும். ஆனால் கறவை மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் அப்படி விட்டுப் பார்க்கக் கூடாது. ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உங்கள் நாக்குக்கே பளிச்சென்று கரித்தால், அந்தத் தண்ணீரைக் குஞ்சுக்கு வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு விஷயம். நம் ஊர்களில் கருவாட்டுக் கழிவைக் கோழிக்குப் போடும் பழக்கம் உண்டு. மீன் நல்ல தீனிதான், மறுக்கவில்லை. ஆனால் உப்புப் போட்டுக் காயவைத்த கருவாடு என்றால் அந்த உப்பு முழுவதும் கோழியின் வயிற்றுக்குத்தான் போகும். உப்பில்லாமல் காய்ந்ததைப் போடுங்கள். இல்லாவிட்டால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். எப்படியானாலும் பக்கத்தில் நிறையக் குடிநீர் இருக்கணும்.

சரி, வெயிலுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். ஏரியிலும் அப்போது தண்ணீர் குறைந்து, பாடு குறைந்திருக்கும். கையில் காசு புழங்காத அந்த இரண்டு மாசத்தில் வீட்டுப் பெண்கள் நம்பியிருப்பது நாலு ஆட்டையும் பத்துக் கோழியையும்தான். கத்திரி வெயில் வருவதும் அந்தச் சமயத்தில்தான். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

கோழிக்கு வியர்க்காது. வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 106, 107 டிகிரி பாரன்ஹீட். நமக்கு அவ்வளவு இருந்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்போம்! வெளியே சூடு ஏற ஏற, முதலில் இறக்கையை விரித்து உடம்புக்குக் காற்று விடும். கொண்டைக்கும் தாடைக்கும் ரத்தத்தைப் பாய்ச்சிச் சூட்டை வெளியேற்றும். மண்ணைப் பறித்து ஈர மண்ணில் படுக்கும். அதுவும் போதாதபோது வாயைத் திறந்து இரைக்க ஆரம்பிக்கும். மூச்சுக் குழாயிலுள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு குறைகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம்தான். கூழைக்கடா தாடைப் பையைப் படபடவென்று ஆட்டுவதும் இதற்காகத்தான்.

இங்கேதான் கடற்கரையில் இருக்கும் நாம் ஏமாந்துபோகிறோம். காற்றில் ஈரம் அதிகமானால் ஆவியாவது குறையும். மழை நாளில் துணி காயாதல்லவா, அது மாதிரி. ஆகவே உள்நாட்டில் 38 டிகிரியைத் தாங்குகிற கோழி, நம் புழுக்கத்தில் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே திணறும். கடற்காற்று நேரத்துக்கு வந்துவிட்டால் கவலையில்லை. மேல்காற்று பலமாக வீசிக் கடற்காற்றைத் தடுத்துவிடும் நாள்தான் ஆபத்தான நாள். பதினோரு மணிக்குக் கிழக்கே இருந்து காற்று வரவில்லையென்றால், அன்றைக்குக் கோழிக் கூட்டைக் கவனிக்கணும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யணும்? தண்ணீர்தான் முதல் மருந்து. சாதாரணமாகத் தின்கிற தீனியைப்போல் இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, கோடையில் அதற்கும் மேல் கேட்கும். மண் தொட்டியில், நிழலில், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். சூடேறிப்போன தண்ணீரைக் கோழி தொடாது; மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள். தீனியை விடியற்காலையிலும் சூரியன் சாய்ந்த பிறகும் போடுங்கள். தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும் என்பதால் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை தீனி வேண்டாம். அந்த நேரத்தில் கோழியைத் துரத்திப் பிடிப்பதோ, கூடையில் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவதோ கூடாது. சிமெண்ட் அட்டைக் கூரையாக இருந்தால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பிவிடுங்கள். பக்கவாட்டில் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். ஆனால் காற்று போய்வர வழி இருக்கட்டும். காற்றை அடைத்துவிட்டுச் சாக்கை நனைத்தால் புழுக்கம்தான் கூடும்.

கோடையில் முட்டை ஓடு மெலிந்து, தொட்டாலே உடைகிறது என்று கேட்கிறார்கள். கோழி ஓயாமல் இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு உருவாவதற்கு அது வேணும். தீனியும் குறைவதால் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துவிடுகிறது. நம் ஏரிக்கரையில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? நல்ல தண்ணீரில் கழுவி, அரிசி நொய் அளவுக்கு உடைத்து, சாயந்திர வேளையில் வையுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில்தான் என்பதால் சாயந்திரம் தின்றது நேராக வேலைக்கு வரும்.

வெள்ளைக் கழிச்சல் என்ற ராணிக்கெட் நோயும் வெயிலில் களைத்த கோழியைத்தான் சுலபமாகப் பிடிக்கும். கோடைக்கு முன், பிப்ரவரியில் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். தவறவிடாதீர்கள்.

மாடு வியர்க்கும். அதிலும் நம் நாட்டு மாட்டுக்கு வியர்வைச் சுரப்பி நன்றாக வேலை செய்யும். தளர்ந்து தொங்கும் தோலும் அலைதாடியும் சூட்டை வெளிவிட உதவும். ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு அவ்வளவு தாங்குசக்தி கிடையாது. நிறையப் பால் கறக்கிற மாடு நிறையத் தின்கிறது. நிறையத் தின்பதால் உடம்புக்குள் நிறையச் சூடு. கலப்பு மாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிழலும் தண்ணீரும் தர முடியாத வீட்டில் அதைக் கட்டிவைத்து, பால் குறைந்துவிட்டது என்று குறைப்படுவது நியாயமில்லை என்கிறேன். வைக்கோல் செரிக்கும்போதுதான் சூடு அதிகம். அதை ராத்திரிக்குப் போடுங்கள். பகலில் பசும்புல் கொடுங்கள்.

எருமைதான் பாவம். கறுப்புத் தோல், மயிர் குறைவு, வியர்வைச் சுரப்பியும் குறைவு. சேற்றில் புரள்வது சோம்பேறித்தனமில்லை, அதுதான் அதற்கு வியர்வை. குளம் வற்றிய காலத்தில் நாளைக்கு இரண்டு மூன்று தடவை உடம்பு நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் எருமை பருவத்துக்கு வந்தாலும் கத்தாது. விடியற்காலையில் கூர்ந்து கவனித்தால்தான் தெரியும்.

மாடோ ஆடோ நாக்கைத் தொங்கவிட்டு, நுரை தள்ளி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

இனி மழை. வெயிலைத் தாங்குகிற வெள்ளாடு மழையைத் தாங்காது. மயிர் நனைந்துவிட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சூட்டைப் பிடித்துவைக்காது. கூடவே வாடைக் காற்று அடித்தால் குட்டி விறைத்துப் போகும். ஆட்டுக்குத் தரையிலிருந்து உயர்ந்த பரண் வேணும், குளிர்காற்று வரும் பக்கம் மறைப்பும் வேணும். வாத்து சிறகில் எண்ணெய் பூசிக்கொள்வதால் நனைவதில்லை. கோழி நனையும். கோழிக்குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேணும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர்கிறது. விளக்கைவிட்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். குஞ்சே தெர்மாமீட்டர்!

மழையில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைக் கழுவிக் காயவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சையின் விஷம் கழுவினால் போகாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம்கூட்டமாகச் செத்தது இப்படிப்பட்ட கடலைப் புண்ணாக்கால்தான். வாத்துக்கு இந்த விஷம் இன்னும் மோசம்.

புயல் நமக்குப் புதிதல்ல. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த புயல், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று பார்த்தவர்கள் நாம். எச்சரிக்கை வந்ததும் படகை மேட்டில் ஏற்றுகிறோம், வலையை எடுத்துவைக்கிறோம். மாட்டை மறந்துவிடுகிறோம். முளையில் கட்டிய மாடு தண்ணீர் ஏறும்போது ஓட முடியாமல் கட்டுத்தறியிலேயே மூழ்கும். அவிழ்த்துவிட்ட மாடு மேட்டைத் தேடிப் போகும், நீந்தவும் செய்யும். ஆகவே முன்கூட்டியே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மரத்தடியிலும் மின்கம்பத்துக்குப் பக்கத்திலும் கட்டாதீர்கள். நாலு நாளைக்கு வைக்கோலும் நல்ல தண்ணீரும் உயரத்தில் எடுத்துவையுங்கள். கடல் தண்ணீர் புகுந்த கிணற்றை இறைத்து, சுவை தெளிந்த பிறகே கால்நடைக்கு வையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு, செடி கொடி அழுகிய குட்டையில் வாத்தை மேய விடாதீர்கள். வெயில் ஏறும்போது அந்தச் சேற்றில் ஒரு நஞ்சு உண்டாகும். தின்ற வாத்துக்குக் கழுத்து தொங்கிப்போகும். கழுத்து துவண்ட வாத்து ஒன்றைப் பார்த்தாலும் மற்றவற்றை உடனே வேறு நல்ல தண்ணீருக்கு ஓட்டிவிட்டு, செத்ததை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.