அணு மையத்துக்குள் நுழைந்த சிறுவர்கள்!

டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வாசலை நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. இந்த மையத்துக்காக 1976-ம் ஆண்டு ஜனதா காலனி காலி செய்யப்பட்டபோது, சீத்தா கேம்புக்கு அனுப்பப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அடையாள அட்டை இல்லாமல் அந்த வாசலில் ஈ, காக்கை நுழைய முடியாது.

ஆனால் 1998-ம் ஆண்டு ஜூன் மாதம் சிலர் உள்ளே போய்விட்டார்கள். வாசல் வழியாக அல்ல, இன்டர்நெட் வழியாக!

அந்த மே மாதம் 11, 13 தேதிகளில்தான் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியிருந்தது. அதை எதிர்த்து, "மில்வர்ம்" என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம் இந்த வேலையைச் செய்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளின் பையன்கள். பெரும்பாலும் 18 வயது தாண்டாதவர்கள்!

பெயரும் பாஸ்வேர்டும்

கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. பெயரைக் கேட்கும், பிறகு பாஸ்வேர்டு என்ற ரகசியச் சொல்லைக் கேட்கும். இரண்டும் பொருந்தினால், வந்தவர் யாராக இருந்தாலும் "நீதான் அவர்" என்று திறந்துவிடும். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டுக்கொண்டபோது வந்த வழக்கம் இது.

அந்தச் சொல்லை அப்படியே எழுதி வைத்தால் திருடு போகுமே? அதனால் உருத்தெரியாமல் குழப்பித்தான் சேர்த்து வைப்பார்கள். குழப்பியதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

ஆனால் ஊகிக்கலாம். ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதே முறையில் குழப்பி, ஒத்துப்போகிறதா என்று பார்க்க புரோகிராம் இருக்கிறது. பட்டியல் கையில் கிடைத்தால் போதும்.

டிராம்பேயில் நடந்ததும் இதுதான் என்று அப்போது அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது. ஒருவரின் பெயர் எதுவோ, அதுவே பாஸ்வேர்டாகவும் இருந்ததாம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம்! பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டது போல.

பையன்கள் இ-மெயில்களை அள்ளினார்கள். மையத்தின் இன்டர்நெட் பக்கத்தில் அணுகுண்டுக்கு எதிரான வாசகத்தைப் போட்டார்கள். ரகசியம் எதுவும் போகவில்லை, முக்கியமான கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் தொடர்பே கிடையாது என்றது மையம்.

கைரேகை

இப்போது பாஸ்வேர்டோடு செல்போனுக்கு ஓ.டி.பி. எண்ணும் வருகிறது. ஒன்று திருடு போனாலும் இன்னொன்று காக்கும். கைரேகையும், ஆதாரில் கண்ணின் கருவிழியும்கூட அடையாளம். சிமெண்டிலும் சோப்பிலும் உழைத்து ரேகை தேய்ந்தவர்களைக் கம்ப்யூட்டர் "நீ அவர் இல்லை" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இது தெரியும். இன்னொரு சங்கடம்: பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம். கைரேகையை எப்படி மாற்றுவது?

வங்கி அட்டையின் உறையில் 4 இலக்க எண்ணை எழுதி வைத்திருக்கிறீர்களா? முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். ஓ.டி.பி. கேட்டு யார் போன் செய்தாலும், வங்கி மானேஜர் என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள்.