மறுப்புக்கும் காரணம் வேண்டும்

மகாசபை கூடுங்கால் அங்கத்தினர் பற்பல கோரிக்கைகளைக் கொணர்வர். அனைத்தையும் ஏற்பின் சங்கத்தின் நிதி தாங்காது. பதிலின்றி விடின் நம்பிக்கை தளரும். இவ்விடரைக் கணினித் துறையினர் தீர்த்துக்கொண்ட விதம் நாம் அறியத்தக்கது.

கைடோ வான் ரோசம் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதான் என்னும் நிரல்மொழியை எவரும் விலையின்றி எடுத்தாளலாம். ஆள்வோரே புதிய வசதிகளையும் கோருவர். அதற்கென 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு முறை வழங்கி வருகின்றது. பெரிய மாறுதலை வேண்டுவோர் அதன் தேவையையும், பழைய நிரல்களுக்கு நேரக்கூடிய இடையூற்றையும் எழுத்தில் வகுத்துத் தருதல் வேண்டும். கோரிக்கை எண்ணிடப்பெற்று, பலராலும் வாதிக்கப்பெற்று, பின்னரே முடிவாகும். மறுக்கப்பட்டவையும் அழிக்கப்படாமல் ஏட்டில் நிற்கும்.

சான்றொன்று காண்போம். ‘மழை பெய்தால் இது, இன்றேல் அது’ என இரு வழிகளை ஒரே தொடரில் கூறும் அமைப்பு வேண்டுமென 2003-இல் வாக்கெடுப்பு நடைபெற்றது. எவ்வடிவத்துக்கும் தெளிவான ஆதரவு திரளாமையால் அது நின்றுபோயிற்று. எனினும் ஏட்டில் இருந்த அக்கோரிக்கை 2005-இல் ஏற்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது.

முடிவுரிமை ஒருவரிடமே இருப்பதும் பெருஞ்சுமையே. 2018-இல் வேறொரு கோரிக்கையால் எழுந்த கடும் வாதத்தின்பின் ரோசம் அப்பொறுப்பினின்று விலகினார். 2019 முதல், மொழியைப் பேணும் நிரலாளர் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு அதனை ஏற்றுள்ளது.

நம் சங்கந்தோறும் ஒரு கோரிக்கைப் பதிவேடு இருத்தல் நலம். புதிய சாயம் கேட்கும் நெசவாளருக்கும், கிடங்கு கேட்கும் உழவருக்கும், இயலாதெனின் ஏன் இயலாது என்பதை எழுத்தில் தருதல் நிர்வாகிகளின் கடமை. பின்வரும் நிர்வாகக் குழு அவ்வேட்டைப் புரட்டி, காலம் கனிந்ததைக் கண்டு நிறைவேற்றவும் கூடும்.