குழந்தை மா: வீட்டுக் கிரைண்டரிலிருந்து ஒரு சிறுதொழில்

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. கைக்குழந்தை உள்ள வீடுகளில் பெட்டியில் அடைத்த குழந்தை உணவு வாங்குவது பெரும் சுமையாகிய காலம் அது. மாத்தளைப் பகுதியில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கும் என்னிடம் சகோதரிகள் சிலர் கேட்கும் கேள்வியும் அதன் தொடர்ச்சிதான்: "பிள்ளைக்கு அரைத்த மாவைப் பக்கத்து வீட்டாரும் கேட்கிறார்கள். இதையே தொழிலாகச் செய்யலாமா?"

செய்யலாம். ஆனால் இந்த வியாபாரத்தில் வாங்குபவர் வேறு, உண்பவர் வேறு. உண்பவரால் வாய் திறந்து குறை சொல்ல முடியாது. எனவே இலாபக் கணக்குக்கு முன்னர் சுத்தத்தின் கணக்கைப் பார்ப்போம்.

மூலப்பொருள் வாசலிலேயே

இந்த விடயத்தில் எமது மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. 1999இல் ஆரம்பிக்கப்பட்ட தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் இங்கேதான் இருக்கிறது. பூசணி, கெரட், வற்றாளை எல்லாம் மொத்த விலையில் கிடைக்கும். குரக்கனுக்கும் பயறுக்கும் வெகுதூரம் போகத் தேவையில்லை.

தானியத்துடன் அவரையினப் பயிரொன்றைச் சேர்ப்பதே அடிப்படை. 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவில் சோளமும் சோயாவும் சேர்வது இதனால்தான். ஒன்றில் குறையும் புரதக் கூறை மற்றது நிரப்புகிறது. வீட்டில் இரண்டு பங்கு சிவப்பரிசி அல்லது குரக்கனுக்கு ஒரு பங்கு பயறு போதும். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியமும், 100 கிராம் பயறில் ஏறத்தாழ 24 கிராம் புரதமும் உண்டு.

சோளத்தையும் நிலக்கடலையையும் ஆரம்பத்தில் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் இவற்றில் பிடிக்கும் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுமையாக அழியாது. 2022இல் திரிபோஷா தொடர்பாக நாடே பேசியது இந்த நஞ்சைப் பற்றித்தான்.

அரைக்கும் முறை

பயறையும் குரக்கனையும் தனித்தனியே இரவு முழுவதும் ஊறவைத்து, ஒரு நாள் முளைவிடச் செய்து, நன்கு காயவைத்து வறுத்தால் பலன் அதிகம். முளையில் உண்டாகும் நொதியம் மாப்பொருளை உடைப்பதால் கஞ்சி இறுகாது. குறைந்த நீரில் கூடுதல் மாவைக் கரைத்து ஊட்டலாம். சிறிய வயிறுள்ள குழந்தைக்கு இது பெரிய நன்மை. முளைவிட்ட தானியத்தில் கிருமியும் பெருகும் என்பதால், கஞ்சியைக் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும்.

தானியம் ஆறிய பின்னரே கிரைண்டரில் இடுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி படிந்து மா கட்டியாகும், பூஞ்சணமும் பிடிக்கும். வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் தொடர் ஓட்டத்துக்கு உரியதல்ல. சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு மீண்டும் அரையுங்கள்.

மில்லுக்குக் கொண்டுபோவதானால் ஒரு எச்சரிக்கை. எமது பகுதி மில்களில் மிளகாயும் மிளகும் மல்லியும் அரைபடுகின்றன. மில்லைத் துப்புரவு செய்து, காலையில் முதல் வேலையாக, ஒரு பிடி அரிசியை அரைத்து ஒதுக்கிய பின்னரே உங்கள் மாவை அரைக்கச் சொல்லுங்கள்.

மரக்கறிக் கூழ் பிளெண்டரின் வேலை. அது ஈரமான உணவு, விரைவில் கெடும். வீட்டுப் பிள்ளைக்கு அன்றன்று செய்து கொடுங்கள், விற்க முயல வேண்டாம். எட்டு மாதத்தின் பின்னரும் எல்லாவற்றையும் மசியலாக்கிக் கொடுத்தால் பிள்ளை மெல்லப் பழகத் தாமதமாகும். அப்போது கரண்டியால் மசிப்பதே நல்லது.

விலை போடுவது எப்படி?

இரண்டு கிலோ அரிசியும் ஒரு கிலோ பயறும் எடுத்தீர்கள் என்போம். வறுத்து, அரித்து 2.8 கிலோ மா கிடைத்தால் 200 கிராம் பொதிகள் 14 வரும். ஒரு வேளைக்கு 25 கிராம் என்றால் ஒரு பொதியில் எட்டு வேளை. 500 வொட் கிரைண்டர் மொத்தமாக ஒரு மணிநேரம் ஓடினாலும் மின்சாரம் அரை யூனிட்தான். செலவு வேறிடத்தில் இருக்கிறது: கேஸ், பொதியுறை, லேபல், எல்லாவற்றையும்விட உங்கள் உழைப்பு. ஐந்து மணிநேரம் உழைத்திருந்தால் அந்தக் கூலியையும் 14 ஆல் பிரித்துச் சேருங்கள். கூலியைச் சேர்க்காமல் விலை போட்டால், மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது.

விற்பதற்கு முன்னர்

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சமையலிடத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் பொருந்தும். லேபலில் சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் என்பன இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குரியதல்ல என்றும் தெளிவாக எழுதுங்கள். அதுவரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது. தாய்ப்பாலுக்குப் பதிலாகும் என்று ஒரு சொல்லும் விளம்பரத்தில் வரக்கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடைப் பெட்டிகள் பலவற்றில் இரும்புச்சத்தைச் சேர்த்திருப்பார்கள், வீட்டு மாவில் அது கிடையாது. ஆறு மாதத்தின் பின் பிள்ளைக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை. எனவே மீன், இறைச்சி, ஈரல், முட்டை மஞ்சட்கரு என்பவற்றையும் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஒரு வயதுவரை உப்பு, சீனி வேண்டாம்; தேன் அறவே வேண்டாம். பிள்ளையின் நிறை கூடவில்லையென்றால் மாவை மாற்றிக்கொண்டிராமல் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயப்படத் தேவையில்லை. தன் பிள்ளையின் நலனுக்காகப் பேசுகிறவரிடம்தான் ஒரு தாய் மறுபடியும் வருவாள். முதல் மூன்று மாதம் தெரிந்த பத்து வீடுகளுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். கொப்பியில் ஒவ்வொரு தொகுதியின் திகதியையும், யார் வாங்கினார் என்பதையும் குறித்துவையுங்கள். ஏதேனும் பிழை தெரியவந்தால், அன்றே அந்தப் பொதிகளைத் திருப்பி எடுக்க அந்தக் கொப்பிதான் உதவும்.