கணினித் துறையின் வாயிற்காவலர்

இயற்கை ஈந்த துறைமுகங்களுள் தலைசிறந்தனவற்றுள் ஒன்றாக எண்ணப்படும் திருகோணமலைத் துறையின் கரையிலே பிறந்து வளர்ந்த எமக்கு, வாயிற்காவல் என்பது புதியதொரு பொருளன்று. குடாவினுள் நுழையும் கப்பலை வழிகாட்டி எதிர்கொண்டு அழைத்து வருகின்றார். கரைசேரும் சரக்கைச் சுங்கத்தார் பத்திரத்தோடு ஒப்புநோக்குகின்றனர். பொருந்தியது உள்ளே செல்லும், பொருந்தாதது நிறுத்தப்படும். இவ்வொழுங்கு செவ்வனே நடைபெறும்வரை நகரத்தார் அதனை நினைப்பதேயில்லை. காவலர் தவறிய அன்றே அவர்தம் அருமை புலனாகின்றது.

இன்று மேசைமீது அமர்ந்துள்ள கணினி ஒவ்வொன்றும் ஒரு சிறு துறைமுகமே. அதன் வாயிலிலும் காவலர் உளர். அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணினி வெளியுலகோடு பேச மறுத்துவிடின், மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பேருந்தேறி வந்தோர் வெறுங்கையராய் மீளவேண்டி நேரும். பாடசாலைக் கணினியறை ஊமையாகிவிடின், மாணவர்க்கு அன்றைய பாடம் இல்லை. ஆதலின் அக்காவலர் யாவர், எங்கே நிற்கின்றனர், அவர் தவறின் அதனைக் கண்டறிவது எங்ஙனம், அவரைப் படைக்கப் புகுவோர் எவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை, இவ்விழா மலரைக் கையேந்தும் இளைய தலைமுறையினர் பொருட்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

பொதியும் அதன் முகப்பும்

கணினிகள் ஒன்றற்கொன்று அனுப்பும் செய்தி ஒரே தொடராய்ச் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஈதர்நெற் வடத்தின் வழியே செல்லும் பொதி வழக்கமாக 1500 பைற்றுகளுக்கு மேற்படாது. ஒவ்வொரு பொதியின் முன்னும் ஒரு முகப்பு உண்டு. விடுத்தவர் முகவரி, பெறுபவர் முகவரி, பொதியின் வகை, அது சேரவேண்டிய 'துறை'யின் எண் ஆகியவை அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே கணினியில் பல அலுவல்கள் நடைபெறுவதால் துறையெண் வேண்டப்படுகின்றது. காப்பிட்ட வலைத்தளங்களுக்குரிய துறை 443 ஆகும்.

பொதி வடிகட்டி இம்முகப்பைப் படித்து, பொதியைச் செல்லவிடும், அன்றேல் வீழ்த்தும், அன்றேல் குறித்துக்கொண்டு செல்லவிடும். மறைகுறியிட்ட பொதியின் உள்ளீடு முத்திரையிட்ட கொள்கலம் போன்றது. அதனுள் இருப்பதை வடிகட்டி அறியாது. முகப்பையே சான்றாகக் கொள்ளும்.

காவலர் நிற்கும் இடம்

வடிகட்டி வழியில் எங்கும் இருக்கலாம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது, அத்தடை இணையச் சேவை வழங்குவோரின் வாயிலிலே இடப்பட்டது. அதனைத் தாண்டப் பலர் 'வீ.பீ.என்.' எனப்படும் மறைவழிச் செயலிகளை நாடினர். அத்தகைய செயலியை மேசைக் கணினியில் நிறுவுவோர் பெரும்பாலும் அறியாதது ஒன்றுண்டு: அது தனக்கென ஒரு போலி வலையட்டையையோ வடிகட்டியையோ கணினியின் உள்ளே நிறுத்திவிடுகின்றது. நச்சுநிரல் தடுப்பிகள் பலவும் அவ்வாறே செய்கின்றன. ஒரே வாயிலில் மூன்று நான்கு காவலர் வரிசையாக நிற்கும் நிலை இங்ஙனம் உண்டாகின்றது.

விண்டோஸ் கணினியில் இவ்வரிசை அடுக்கடுக்காய் அமைந்துள்ளது. அடியிலே வலையட்டையின் இயக்கி. உச்சியிலே வலைத்தொடர்பு நெறிமுறையின் இயக்கி. இடையே வடிகட்டி இயக்கிகள். எக்ஸ்.பீ. காலத்தில் இடைநின்ற இயக்கி, மேலுள்ளார்க்கு அட்டை போலவும் கீழுள்ளார்க்கு நெறிமுறை போலவும், கூத்தில் ஒருவரே இருவேடம் புனைவதுபோல நடிக்கவேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டிறுதியில் வெளியிடப்பெற்ற விஸ்ராவோடு இலகுவான வடிகட்டி இயக்கி முறையும், வடிகட்டுதற்கெனவே அமைந்த பொதுமேடையும் வந்தன, இருவேடம் தேவையற்றதாயிற்று.

இவ்வியக்கிகள் வாழுமிடம் கணினியின் கருவகம். சாதாரணச் செயலி பிழைபட்டால் அது மட்டுமே வீழும். கருவகத்தில் உள்ளது பிழைபட்டால் கணினி முழுவதும் வீழும். 2024ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் உலகம் இதனைக் கண்கூடாகக் கண்டது. கிரவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் பொதி வடிகட்டி மட்டுமன்று; எனினும் அதன் இயக்கி நின்ற இடம் கருவகமே. அந்நிறுவனம் இலங்கை நேரப்படி காலை 9.39க்கு ஒரு தரவுக்கோப்பை அனுப்பிற்று. அக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் அளித்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கச் சென்ற இயக்கி, தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தில் கால்வைத்தது. 78 நிமிடங்களில் அக்கோப்பு மீட்கப்பட்டது. ஆயினும் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன என மைக்ரோசொவ்ற் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திகைத்து நின்றன. அவ்வியக்கி முறைப்படி கையொப்பம் பெற்றதே என்பது கருதத்தக்கது. கையொப்பம் இன்னாரால் ஆக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகுமேயன்றிப் பிழையின்மைக்குச் சான்றாகாது.

பழுது காணும் முறை

நோய்நாடி நோய்முதல் நாடுவதே மருத்துவர்க்கு அழகு. கணினி வலையோடு பேச மறுப்பின், கண்டதையெல்லாம் நீக்கி மீள நிறுவுவதைக் காட்டிலும், கீழிருந்து மேலாகப் படிப்படியாகச் சோதிப்பதே நன்று.

முதலில் வடமும் விளக்கும் பார்க்கவேண்டும். பின்பு 'பிங்' என்னும் கட்டளையால் 127.0.0.1 என்னும் தன் முகவரியையும், அடுத்து வலைவாயிலின் முகவரியையும், அதன்பின் வெளியுலக முகவரி ஒன்றை எண்ணாலும், இறுதியில் அதனையே பெயராலும் அழைத்துப் பார்க்கவேண்டும். எண்ணுக்கு விடைகிடைத்துப் பெயருக்குக் கிடையாதாயின், குறை பெயரை எண்ணாக்கும் சேவையில் உள்ளது. பிங்குக்கு விடை வாராமை மட்டும் பழுதென்று துணிதற்குப் போதாது. அவ்வழைப்பையே வீழ்த்தும் கணினிகள் பல.

அடுத்து, அதே வடத்தில் வேறொரு கணினியை இணைத்துப் பார்க்கவேண்டும். அது பேசுமாயின் குற்றம் முதற்கணினியின் உள்ளேதான். வலையட்டையின் பண்புப் பட்டியலைத் திறப்பின், அதனோடு பிணைந்துள்ள வடிகட்டிகள் வரிசையாகத் தோன்றும். அவற்றை ஒவ்வொன்றாகவே அவிழ்த்துச் சோதித்தல் வேண்டும். ஒரே முறையில் மூன்றை அவிழ்த்தவர், குணம் கண்டாலும் காரணம் காணமாட்டார். செயலியை நீக்கிய பின்னும் அதன் வடிகட்டி பதிவேட்டில் எஞ்சுவதுண்டு. 'இன்றியமையாதது' எனப் பதியப்பட்ட வடிகட்டியின் கோப்பு காணாமற்போயிருந்தால், மேலுள்ள அடுக்கு முழுவதுமே பிணைய மறுக்கும். இல்லாத காவலருக்காக வாயில் பூட்டிக்கிடக்கும் கதையே அது.

சிறு பொதிகள் சென்று பெரும் பொதிகள் மறைவது பிறிதொரு நோய். பிங்கிலே 1472 பைற்று உள்ளீட்டைத் துண்டாக்காது அனுப்பிப் பார்க்கலாம். முகப்புகளின் 28 பைற்றுகளும் சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். அது சேராமற் சிறியது சேருமாயின், இடையிலே ஒரு மறைவழியின் வடிகட்டி தன் மேலுறைக்கு இடம் கேட்கின்றது என ஐயுறலாம்.

வலை தொடக்கத்தில் நன்கு ஓடிச் சில மணி நேரத்தில் அடங்கி, கணினியை மறுபடி தொடக்கியதும் உயிர்பெறுமாயின், எந்த வடிகட்டியோ கைக்கொண்ட பொதியைத் திருப்பிக் கொடாதிருத்தல் கூடும். அயல்வீட்டில் இரவல் பெற்ற பாத்திரங்களைத் திருப்பாதாரால் அவ்வீட்டு அடுக்களை காலியாவது போல, கணினியின் நினைவிடமும் காலியாகின்றது.

பொதிகளைப் படம்பிடித்துக் காட்டும் கருவிகளிடத்தும் எச்சரிக்கை வேண்டும். அக்கருவியும் ஒரு வடிகட்டியே; அதற்குக் கீழே நிற்பவர் வீழ்த்திய பொதியையும் அது 'சென்றது' என்றே காட்டும். உண்மையறிய விழைவோர் எதிர்முனைக் கணினியிற் பார்த்தல் வேண்டும். வெளிச்செல்லும் பொதியின் சரிபார்ப்புத்தொகை பிழையெனக் காட்டப்படினும் கலங்கவேண்டா. அத்தொகையை வலையட்டையே பின்னர்க் கணித்து இடுவது இக்கால வழக்கம். 1500ஐ மிஞ்சிய பொதி தோன்றுவதும், அட்டையே அதனைப் பின்பு பகுத்துக்கொள்வதனாலேதான்.

நிரல் எழுதுவோர்க்கு

வடிகட்டியைப் படைக்க விழையும் இளைஞர் முதலில் இடறிவிழும் கல் பைற்று வரிசை. வலையிலே எண்ணின் பெரும்பகுதி முன்வரும்; நம் மேசைக் கணினிகளில் உள்ள செயலிச் சில்லுகளிலோ சிறுபகுதி முன்வரும். மாற்றாது படிப்பின் 443ஆம் துறை 47873 எனத் தோன்றும். விதி ஒருபோதும் பொருந்தாது.

இரண்டாவது, நான்காம் பதிப்பு முகப்பின் நீளம் மாறாததென்று எண்ணுதல். அது 20 பைற்று முதல் 60 பைற்று வரை நீளலாம். முகப்பிலே குறித்த நீளத்தைப் படித்த பின்னரே துறையெண்ணைத் தேடவேண்டும். துண்டாக்கப்பட்ட பொதியிலே முதற்றுண்டில் மட்டுமே துறையெண் இருக்கும்; பிற துண்டுகளை என்செய்வது என்பதற்கும் விதி வேண்டும். நான்காம் பதிப்பை மட்டும் காத்து ஆறாம் பதிப்பை மறந்த வடிகட்டி, முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்துவைத்த வீடாகும்.

மூன்றாவது, பொதி கடக்கும் வேளையிற் கருவகத்திலே காத்திருத்தல் கூடாது. அவ்வுயர்நிலையில் வட்டைப் படிக்கவோ, ஓய்வு கொள்ளவோ, வட்டுக்கு மாற்றப்பட்ட நினைவிடத்தைத் தொடவோ இயலாது. தொட்டால் நீலத்திரையே விடை. நெடிய ஆராய்ச்சி தேவையாயின் அதனைக் கருவகத்திற்கு வெளியே நிற்கும் செயலியிடம் ஒப்படைத்தல் வேண்டும். சோதனையையும் நாளும் பயன்படும் கணினியிற் செய்யாது, அதற்கென ஒதுக்கிய கணினியிலோ மெய்நிகர்க் கணினியிலோ நடத்தி, மற்றொன்றிலிருந்து கண்காணித்தல் வேண்டும்.

காவலரையும் காத்தல்

காவலரைக் காப்பவர் யாவர் என்பது பழைய வினா. இதற்கு அறிவுலகம் கண்ட விடை அழகியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980ஆம் ஆண்டளவில் தோன்றிய பொதி வடிகட்டி, விதிகளை மட்டும் வெளியிலிருந்து பெற்று, அவற்றைச் செயற்படுத்தும் சிறுபொறியைக் கருவகத்தில் வைத்தது. லோறன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்து மக்கான், யேக்கப்சன் என்னும் இருவர் 1993இல் வெளியிட்ட முறை, விதிநிரல் முன்னோக்கியே தாவவேண்டும், பின்னோக்கித் தாவலாகாது என வரையறுத்தது. ஆதலின் அந்நிரல் முடிவின்றிச் சுழல இடமேயில்லை. 2014இல் லினக்ஸ் கருவகத்தில் இம்முறை விரிவாக்கப்பட்டு, நிரல் உள்ளே புகுமுன் அதன் ஒவ்வொரு நடையையும் ஆராயும் சரிபார்ப்பாளர் ஒருவர் வாயிலில் நிறுத்தப்பட்டார். தன் எல்லைக்கு அப்பால் நினைவிடத்தைத் தொடக்கூடிய நிரல் ஓடத் தொடங்குமுன்னரே தடுக்கப்படும். விண்டோசிற்கும் இம்முறையைக் கொணரும் முயற்சியை மைக்ரோசொவ்ற் 2021இல் அறிவித்தது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க துணிபு ஒன்றே: எவர் மிக உள்ளே நிற்கின்றாரோ, அவர்க்கு மிகக் குறைந்த வேலையும் மிகக் கூடிய சோதனையும் உரியன. கணினியைப் பயன்படுத்துவோர் தம் வாயிலிலே எத்தனை காவலர் நிற்கின்றனர் என்பதை அறிந்து, வேண்டாதவரை விடுக்க. நிரல் எழுதுவோர் கருவகத்திலே எழுதும் வரிகளை இயன்றவரை சுருக்குக. எந்நாட்டிலோ எவரோ எழுதிய ஒரு வரியின் பிழையால் எமதூர் அலுவலகத்தின் வாயில் அடைபடக்கூடும் என்பதை 2024 காட்டிற்று. அவ்வரியைப் படித்துணரவும் திருத்தி எழுதவும் வல்லார், எமது கல்லூரி வகுப்பறைகளிலிருந்தும் தோன்றுவாராக.