ஊட்டநீர்த் தொட்டிக்கு ஓர் ஈரச் சாக்கு

மண்ணில்லா முறையில் கீரை வளர்க்கும் பள்ளிகளுக்குக் கோடையில் பெரும் சிக்கல், தொட்டியிலுள்ள ஊட்டநீர் சூடாவதுதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். வேர்களுக்கு மூச்சுக்காற்று குறையும்; வேரழுகலும் எளிதில் பற்றும்.

“ஐஸ் போட்டால் என்ன, சார்?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நான் கணக்குப் போடச் சொல்வேன். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகவோ சுமார் 2,400 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு. மண்பானைத் தண்ணீர் குளிர்வதன் காரணமும் இதுவே.

எனவே தொட்டியை நிழலில் வைத்து, வெளிப்புறம் வெள்ளையடித்து, சணல் சாக்கைச் சுற்றிக் கட்டலாம். சாக்கின் அடிப்பகுதி ஒரு தட்டிலுள்ள சாதாரணத் தண்ணீரில் நனைந்திருக்கட்டும். உடுமலைப்பேட்டையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இதற்குத் துணை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் பலன் குறையும்.

வகுப்பில் ஒரே அளவுள்ள இரண்டு வாளிகளில் ஒன்றுக்கு மட்டும் சாக்கு கட்டி, மணிக்கொருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் செய்யலாம். உள்ளுறை வெப்பம் பாடம் வரைபடமாகவே கிடைத்துவிடும்.