எஞ்சின் எண்ணெயை எப்போது மாற்றுவது?

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பிறகு, அப்பகுதித் தமிழருள் பலர் பிழைப்பின் பொருட்டு நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று மீள்கின்றனர். வீட்டிலிருந்து இரயில் நிலையம் வரையில் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வந்து, வண்டியை அங்கே நிறுத்திவிட்டுச் செல்வோரும் உண்டு. இத்தகைய வண்டிக்கு எண்ணெய் மாற்றும் காலத்தைக் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது.

வீட்டிற்கும் நிலையத்திற்கும் நான்கு கிலோமீட்டர் என்று கொள்வோம். போக வர எட்டு. ஆண்டில் முந்நூறு நாளுக்கு 2,400 கிலோமீட்டர். 6,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுக என்று கையேடு கூறுமாயின், அவ்வளவு தூரம் ஓட இரண்டரை ஆண்டு ஆகும். அதுவரை அதே எண்ணெய் எஞ்சினுள் கிடக்கலாமா? கூடாது.

பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்கு சூடேறுமுன்னரே வண்டியை நிறுத்திவிட்டால், அந்த ஆவி உள்ளே நீராகப் படிந்து எண்ணெயிற் கலக்கும். எரியாத பெட்ரோலும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இவை சூட்டினால் ஆவியாகி வெளியேறிவிடும். குறுந்தூர வண்டியிலோ தங்கிவிடும். ஆதலின், கையேட்டில் தூரத்தோடு மாதக் கணக்கும் தரப்பட்டிருப்பின், எது முந்துகிறதோ அதையே கொள்ளுதல் வேண்டும். ஆண்டிற்கு ஒரு முறையேனும் மாற்றாதிருப்பது சிக்கனமன்று.

தங்கவயலுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மேடுகளில் அரைபட்ட பாறைத்தூள், கோடைக்காற்றில் பறக்கிறது. அதிற் கலந்துள்ள வெண்கற்பொடி இரும்பையே தேய்க்க வல்லது. காற்று வடிகட்டியைக் கவனியாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றதே.

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று அஞ்சுவோரும் உளர். கரியைத் தன்னுள் ஏந்தி நிற்பது எண்ணெயின் வேலை. நிறத்தைக் கொண்டு மட்டும் அதன் தகுதியை அறிய முடியாது. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் காலம் தாழ்த்தாமல் மாற்றுக. சிறு எஞ்சின் பலவற்றில் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்தான் உண்டு. எனவே சிறிது குறைந்தாலும் தீங்கு பெரிது. மாதம் ஒரு முறை, சமதரையில் வண்டியை நிறுத்தி, கையேடு கூறும் முறைப்படி அளவு பார்ப்பது நலம்.

விலை மிகுந்த கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதும் தகாது. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கிளட்ச் அதே எண்ணெயில் நனைந்தே இயங்குகிறது. வழுவழுப்பு மிகுந்தால் கிளட்ச் நழுவும். இதனாலேயே டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்னும் குறி உள்ளதா என்று பார்க்கிறோம். கியர் மாற்றும் தேவையற்ற ஸ்கூட்டர்களுக்கு ‘எம்பி’ என்னும் குறியுள்ள வேறு வகை உண்டு.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ வெற்று நிலத்திலோ கொட்டுவது பெருந்தவறு. வற்றாத ஆறு இல்லாத கோலார் மாவட்டத்தில் கிணறும் ஆழ்துளைக் குழாயுமே பலருக்குக் குடிநீர். பழைய எண்ணெயைச் சேகரித்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் ஒப்படைப்பதே முறை.