விருந்தும் காவலும்

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி முதல் 31-ந் தேதி வரை டில்லி மாநகரில் உலகப் பாரம்பரியக் கமிட்டியின் 46-வது கூட்டம் நடந்தேறியது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையை நம் நாடு 1977-லேயே ஏற்றுக்கொண்டது. எனினும் அக்கமிட்டியை நம் மண்ணில் வரவேற்கும் வாய்ப்பு நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் கிட்டியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பிரதிநிதிகளை எதிர்பார்த்து அழைப்புகள் சென்றன. அதற்கு முந்திய 2023-ம் ஆண்டில் ஜி-20 நாடுகளின் கலாசாரக் கூட்டங்கள் கஜுராஹோவிலும், புவனேசுவரத்திலும், ஹம்பியிலும், காசியிலும் நடைபெற்றன. கட்சு, சிலிகுரி, ஸ்ரீநகர், கோவா ஆகிய இடங்களில் சுற்றுலாவைப் பற்றிய ஆலோசனைகள் நடந்தன. பழம்பெருமை வாய்ந்த நாடு பிற நாட்டாரை அழைத்துத் தன் செல்வங்களைக் காட்டுவது இயல்பே.

இத்தகைய மகாநாடுகளை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவோர் கட்சியில் நாம் சேர்ந்தவரல்லோம். வந்தாரை வரவேற்பது நம் மரபு; அதனால் விளையும் பயனும் உண்டு. டில்லிக் கூட்டத்தில்தான் அஸ்ஸாமில் சராய்தேவிலுள்ள ஆஹோம் அரச வம்சத்தாரின் சமாதி மேடுகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறி, நம் நாட்டின் 43-வது இடமாயின. 2019-ம் ஆண்டு அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது அவ்வூரின் தெருக்கள் துலங்கின. சிற்பங்களுக்கு விளக்கொளி கிடைத்தது. விருந்தினர் வருகிறார் என்றால் வீடு சுத்தமாகிறது. அந்த அளவில் விருந்து நல்லதே.

ஆனால் விருந்துக்கு ஆகும் செலவு எவருடைய பணம்? 2023-24-ம் ஆண்டு பட்ஜெட்டில் ஜி-20 தலைமைப் பொறுப்புக்கென மத்திய சர்க்கார் 990 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது கலாசாரத்துக்கு மட்டுமன்று, எல்லாத் துறைக் கூட்டங்களுக்கும் சேர்த்து என்பதை நாம் மறைக்கவில்லை. டில்லிக் கமிட்டி கூடிய பாரத் மண்டபம் அடங்கிய வளாகம் ஏறக்குறைய 2,700 கோடி ரூபாயில் எழுந்தது. கமிட்டியைத் துவக்கிவைத்த பிரதமர், யுனெஸ்கோவின் பாரம்பரிய நிலையத்துக்குப் பத்து லட்சம் டாலர், அதாவது எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல், நன்கொடை அறிவித்தார். பிற நாடுகளின் புராதனச் சின்னங்களைக் காக்க உதவுவது பெருந்தன்மை. அதைக் குறை கூற மாட்டோம்.

நம் வீட்டுக் காவல் எப்படி இருக்கிறது என்பதே நம் கேள்வி. மத்திய தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. அவற்றில் 92 சின்னங்களைக் காணோம் என்று தலைமைத் தணிக்கை அதிகாரி 2013-ல் எடுத்துக்காட்டினார். தேடியதில் 42 சின்னங்கள் அகப்பட்டன. எஞ்சிய 50-ல் 14 நகரப் பெருக்கத்துக்கு இரையாயின. 12 அணைகளின் நீரில் மூழ்கின. 24 எங்கே என்றே தெரியவில்லை. 2022 டிசம்பரில் பார்லிமெண்டின் நிலைக்கமிட்டி சமர்ப்பித்த அறிக்கை இதற்கு ஒரு காரணத்தைத் தெளிவாக்கியது. தேவையான காவலர் 7,000 பேர். பணப் பற்றாக்குறையால் அமர்த்தப்பட்டவர் 2,578 பேர். அவர்கள் காவல் புரிந்ததோ 248 இடங்களில் மட்டுமே!

இன்னொன்றும் கூற வேண்டும். டில்லிக் கூட்டத்துக்கு நான்கு மாதங்கள் முன்பு, 2024 மார்ச்சில், 18 சின்னங்களைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்க உத்தேசித்திருப்பதாக சர்க்கார் அறிவித்தது. அவை தேசிய முக்கியத்துவம் இழந்தனவாம். அவற்றில் ஒன்று காசியில் தேலியா நாலாவிலுள்ள பௌத்தக் கட்டிடச் சிதைவு. 2023 ஆகஸ்டில் ஜி-20 கலாசார மந்திரிகள் கூடியதும் அதே காசியில்தான். மற்றொன்று, மகாநாடு நடந்த அதே டில்லியில் இருந்த பாராகம்பா கல்லறை. விருந்தினர் கூடிய ஊரிலேயே வீட்டுப் பொருள் களவுபோனால் அந்த விருந்துக்கு என்ன சோபை?

மகாநாடு நடந்தால் யாத்ரீகர் பெருகுவர், செலவிட்டது வரும்படியாய்த் திரும்பும் என்று சொல்லுவார்கள். உண்மையாகவே இருக்கட்டும். யாத்ரீகர் எதைக் காண வருகிறார்? மண்டபத்தின் குளிர்ச்சியையா, மேடையின் அலங்காரத்தையா? கல்லையும் சுவரையும் காணவே வருகிறார். மண்டபத்தை மறுபடி கட்டலாம். போன கல்வெட்டை மறுபடி வெட்ட இயலாது. முதலே கரையும் வாணிபத்தில் லாபக் கணக்கு எழுதி என்ன பயன்?

ஆகவே மூன்று யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம். பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு சர்வதேச மகாநாட்டின் வரவு செலவும் ஆறு மாதத்துக்குள் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும். அச்செலவில் குறிப்பிட்டதொரு பங்கு, விருந்தினர் கால் வைக்காத சின்னங்களின் காவலுக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். காவல் வேலைக்கு அந்தந்த ஊராரையே அமர்த்த வேண்டும். பக்கத்து வயலில் உழுகிறவனுக்குத் தெரியாமல் ஒரு கோயில் காணாமற் போகாது. இவற்றுக்குப் புதிய அறிஞர் குழு வேண்டாம். மனம் ஒன்றே வேண்டும்.

இது நமக்கு எங்கோ நடக்கும் சங்கதியன்று. 2025 ஜூலையில் பாரிஸில் கூடிய அதே கமிட்டி, மராட்டியர் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மற்றொன்று நம் செஞ்சி. இனி அம்மலையடியில் யாத்ரீகர் வண்டிகள் நிற்கும், விழாக்கள் நடக்கும், பிரதிநிதிகளும் வருவார்கள். வரட்டும், மகிழ்ச்சியுடன் வரவேற்போம். ஆனால் விழாப் பந்தலுக்குக் கால் நடுவதற்கு முன்னால், ராஜகிரியின் படிகளுக்கும், அதன் அருகே பெயர் தெரியாமல் கிடக்கும் கற்களுக்கும் ஒரு காவலாளி உண்டா என்று சர்க்காரைக் கேட்பது நம் ஒவ்வொருவருடைய கடமை. வரி கொடுக்கும் குடிமகனுக்கு அந்தக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.